வீடு நடத்தத் தெரிந்தவர்: அலுவிகாரை ஈனா டி சில்வா

ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் உள்ள நாடாளுமன்றக் கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. தொலைக்காட்சியில் விவாதம் பார்க்கிறவர்கள் அந்தச் சபையை எத்தனையோ தடவை கண்டிருப்பார்கள். ஏரி நடுவே அதை எழுப்பியவர் ஜெப்ரி பாவா. தாளிப்பனை வடிவில் வெள்ளி நிறத்தில் தொங்கும் பெரிய விளக்கு லக்கி சேனநாயக்கவின் கைவண்ணம். இந்த இரண்டு பெயரும் கட்டடக்கலை மாணவர்களுக்கு மனப்பாடம். அங்குள்ள கொடிகளுக்கும் ஒரு பெயர் உண்டு: ஈனா டி சில்வா. நாற்பது வயதை நெருங்கும்வரை ஏதாவது அரசாங்கப் படிவத்தை அவர் நிரப்பியிருந்தால், 'தொழில்' என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்றுதான் எழுத நேர்ந்திருக்கும்.

அம்மாமார் பெயரில் நிறுவப்படும் அறக்கட்டளை மேடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. அன்பு, பொறுமை, தியாகம் என்ற மூன்று சொல்லுக்குள் தாய் அடங்கிவிடுவார். கெட்டிக்காரி என்று யாரும் சொல்வதில்லை. கணக்குப் பார்த்தவர், ஆள் அறிந்து வேலை கொடுத்தவர், கிழிந்ததை வேறொன்றாக மாற்றத் தெரிந்தவர் என்ற பேச்சும் வருவதில்லை. வீடு நடத்துவது ஒரு திறமை என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு இன்னும் கூச்சம். மாத்தளை மாவட்டத்தில் அந்தத் திறமையை வைத்தே ஒரு கலையையும் ஒரு கிராமத்துத் தொழிலையும் உருவாக்கிய ஒரு பெண்மணி 93 வயதுவரை வாழ்ந்தார். அவரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தாயின் பெயரிலான இந்த மேடையைவிடப் பொருத்தமானது இருக்க முடியாது.

அலுவிகாரை, மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை போகும் வீதியில் சில கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. பௌத்தர்களுக்கு அது திரிபிடகம் பிறந்த ஊர் மாதிரி. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் வாயிலும் நினைவிலும் மட்டுமே இருந்த போதனைகள் அங்குள்ள குகை விகாரையில் ஓலையில் எழுதப்பட்டன. மலையகத் தமிழருக்கோ அதே வீதி வேறொரு கதை சொல்லும். மன்னார்க் கரையில் இறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர் காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த பாதை அது. வந்தவர்களில் பிழைத்தவர்களின் பிள்ளைகுட்டிகள்தான் பின்னாளில் முத்துமாரியம்மனுக்குத் தேர் இழுத்தார்கள். ஒரே வீதியில் ஒரு பக்கம் ஏடு, மறு பக்கம் நடை. ஈனா பிறந்தது ஏட்டுப் பக்கத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

1922 ஒக்டோபர் 23இல் அலுவிகாரைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் அலுவிகாரை, சிவில் சேவை அதிகாரி. 1947இல் இலங்கையர்களில் முதலாவது பொலிஸ் மா அதிபர் ஆனவர், பின்னர் 'சேர்' பட்டம் பெற்றவர். கொழும்பு மகளிர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஈனா, ஒஸ்மண்ட் டி சில்வா என்ற பொலிஸ் அதிகாரியை விரும்பி, வீட்டாருக்குத் தெரியாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். கண்டியப் பிரபுக் குடும்பத்தில் அது சின்ன விஷயமல்ல. இதில் வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் மாமனாரே மருமகனுக்கு மேலதிகாரியாகிவிட்டார். 1955இல் மருமகனும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தந்தையும் கணவரும் பொலிஸ் மா அதிபர்களாக இருந்த ஒரு பெண்ணுக்கு அரசாங்க விடுதியும் விருந்தும் காவலாளும் இடமாற்றமும் சொல்லித்தரத் தேவையில்லாத பாடங்கள். மூட்டை கட்டி, மூட்டை பிரித்து, புது ஊரில் புதுச் சமையற்காரரோடு ஒரு வீட்டை மறுபடியும் வீடாக்க வேண்டும். நாளைக்கே பத்துப் பேர் சாப்பிட வரலாம். மகனும் மகளும் வளர்ந்தது இதற்கு நடுவில்தான்.

1958 கலவரம் நடந்தபோது ஒஸ்மண்டே பொலிஸ் மா அதிபர். அந்த ஆண்டைத் தமிழர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டே பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவரை விலக்கி, பொலிஸ் சேவையிலேயே இல்லாத எம். டபிள்யூ. எஃப். அபேகோனை அந்த இடத்தில் அமர்த்தினார். பதவி போனால் விடுதியும் போகும். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு தேவைப்பட்டது.

கொழும்பு 3, அல்பிரட் பிளேஸ். முப்பது பேர்ச் அளவிலான மூலைக் காணி. 1960இல் பாவாவும் அவரோடு அப்போது சேர்ந்து வேலை செய்த டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னரும் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். வீடு 1962இல் முடிந்தது. அக்காலத்துக் கொழும்பில் வசதியானவர்கள் காணியின் நடுவில் பங்களாவைக் கட்டி, சுற்றிலும் தோட்டம் விடுவார்கள். இங்கே மதில் வீதியோரத்துக்கே வந்துவிட்டது. தோட்டம் வீட்டின் வயிற்றுக்குள் போனது: நடுவில் பெரிய முற்றம், ஓரங்களில் சிறு முற்றங்கள், அவற்றைச் சுற்றித் திண்ணையும் அறைகளும். முற்றத்தில் ஆற்றுக்கல் பரவியிருந்தது. ஒரு அரலி மரம். அதன் கீழே பெரிய ஆட்டுக்கற்கள்.

இன்று உலகத்துக் கட்டடக்கலைப் புத்தகங்களில் அந்த வீடு ஒரு திருப்புமுனை. ஆனால் அந்த வடிவம் எங்கிருந்து வந்தது? கண்டியப் பிரபு வீடுகளான வளவுகளின் நடுமுற்றத்தில் விளையாடி வளர்ந்தவர் யார்? தனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டவர் ஈனா. வீடு திறந்திருக்க வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாது. வழிபட ஓரிடம், படம் வரைகிற மகனுக்கு ஓரிடம், வருகிற விருந்தாளிக்கு ஓரிடம் வேண்டும். காலமும் உதவிக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்தில் இறக்குமதி இறுகியது. இரும்பும் கண்ணாடியும் கிடைப்பது அரிது. மரத்தூணும் கருங்கல்லும் களிமண் ஓடும் கையில் இருந்தன. உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுவது கட்டடக்கலைஞருக்குப் புதுக் கொள்கையாகத் தெரிந்தது. இல்லத்தரசிக்கு அது தினசரிச் சமையல். பாவாவின் மேதைமையை இது குறைக்காது. ஆனால் அந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஈனாவை 'வாடிக்கையாளர்' என்று ஒரே சொல்லில் கடந்துபோவது சரியல்ல.

அந்த வீட்டில்தான் மெழுகு உருகத் தொடங்கியது. மகன் அனில் கமினி ஜயசூரியவும், பாவாவின் அலுவலகத்தில் வரைந்துகொண்டிருந்த இளைஞர் லக்கி சேனநாயக்கவும் பத்திக் துணியில் கைவைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒரு விளையாட்டைத் தொடங்கினால் வீட்டில் அதற்கு இடம் கொடுக்கிற அம்மாவும் உண்டு, தரை அழுக்காகிறது என்று துரத்துகிற அம்மாவும் உண்டு. ஈனா மூன்றாவது வகை: தானும் போய் உட்கார்ந்துகொண்டார். அப்படித்தான் 'ஈனா டி சில்வா ஃபேப்ரிக்ஸ்' உருவானது.

பத்திக் வேலை பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுத் துணியை முதலில் துவைத்துக் கஞ்சியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாயம் பிடிக்காது. பென்சிலால் கோடு போட்டு, வெள்ளையாகவே இருக்கவேண்டிய இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசுவார்கள். தேன்மெழுகு துணியை இறுகப் பிடிக்கும். பரஃபின் மெழுகு காய்ந்ததும் வெடிக்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதில்தான் கைப்பக்குவம். மெழுகு ஆறிவிட்டால் மேலோடு நின்றுவிடும், சாயம் அடியால் புகுந்துவிடும். அதிகம் சூடேறினால் பரவி ஓடும். பின்பு துணி மஞ்சள் தொட்டிக்குள் போகும். மஞ்சளாக நிற்கவேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு. அடுத்தது சிவப்பு, மஞ்சள் மேல் சிவப்பு ஏறினால் செம்மஞ்சள். இப்படி வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழியில்லை. முதல் மெழுகைத் தொடும்போதே கடைசி நிறம் மனதில் இருக்கவேண்டும். முடிவில் கொதிநீர்ப் பீப்பாயில் போட்டால் மெழுகு கழன்று மிதக்கும். அதை வழித்தெடுத்து ஆறவைத்து அடுத்த துணிக்கு வைத்துக்கொள்வார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் மயிரிழையாய்ப் படர்ந்திருக்கும். எந்த இரண்டு துணியும் ஒன்றுபோல் வராததற்கு அதுவே காரணம்.

ஜாவாவில் இந்தக் கலை நூற்றாண்டுகளாக வளர்ந்தது; செம்புக் குழல் வைத்த எழுதுகோலால் அங்கே பொட்டுப் பொட்டாக நுணுக்கம் காட்டுவார்கள். கொழும்பில் ஈனாவின் குழு அந்த நுணுக்கத்தோடு போட்டி போடவில்லை. அகலத் தூரிகை, பெரிய உருவம், உரத்த நிறம். கண்டிய நாட்டுக் கொடிகளில் இருந்த சூரியனும் சிங்கமும் அன்னமும் துணிக்கு வந்தன. சேலைக்குக் கரை போடுவதைவிட மண்டபத்துக்குக் கூரை போடுவதிலேயே இவர்களுக்கு நாட்டம் என்று தோன்றும். அப்படியே நடந்தது. 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டு, கடற்கரைகளில் ஹோட்டல்கள் எழத் தொடங்கிய காலம். 1969இல் திறக்கப்பட்ட பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்தில், தலைக்கு மேலே முழுவதும் ஈனாவின் பத்திக். விமானத்திலிருந்து இறங்கி வரும் வெள்ளைக்காரர் இலங்கையில் அண்ணாந்து பார்த்த முதல் கலைப்பொருள் அதுவாக இருந்திருக்கும். 1970இல் ஜப்பானின் ஒசாக்கா உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபத்தை அமைத்தவர்கள் வரிசையிலும் இதே கூட்டம்தான்.

ஈனா தனித்து முளைத்தவர் அல்ல. அந்தத் தலைமுறையில் பார்பரா சன்சோனி கொழும்பில் கைத்தறிக்குப் புது நிறம் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்டியில் மினெட் டி சில்வா தான் கட்டிய வீடுகளுக்குள் பாயும் அரக்குவேலையும் கொண்டுவந்தார். இந்தியாவில் கமலாதேவி சட்டோபாத்யாய கைவினைஞர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார். சுதந்திரம் வந்த நாடுகளில், ஆண்கள் அணைக்கட்டும் உருக்காலையும் திட்டமிட்ட வேளையில் பெண்கள் துணியிலும் மண்ணிலும் நாட்டைத் தேடினார்கள். அதைப் பொழுதுபோக்கு என்று எழுதிவைத்தவர்கள் யார் என்று கேட்கலாம்.

இன்னும் பின்னால் போனால் ஒரு தமிழ்த் தொடர்பும் இருக்கிறது. சேர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலைத் தெரியாதவர் இல்லை. அந்த நூலுக்காகக் கண்டியக் கிராமங்களில் படம் பிடித்தவர், பெண்களின் தையல் வேலைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவருடைய மனைவி எதெல். மணவாழ்க்கை முறிந்த பின் எதெல் மைரட் என்ற பெயரில் இங்கிலாந்தில் நெசவும் தாவரச் சாயமும் கற்பித்து, அந்நாட்டுக் கைநெசவு இயக்கத்துக்கே முன்னோடியானார். கண்டியப் பெண்களின் ஊசியிலிருந்து கற்றதில் அவருக்கும் பங்கு உண்டு. நம்முடைய ஆய்வாளர்கள் ஆனந்தரைப் பற்றி எழுதிய பக்கங்களில் பத்தில் ஒன்றையாவது எதெலுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஈனாவின் கதைக்குத் திரும்புவோம். பொதுநலவாயச் செயலகம் அவரைக் கைப்பணி ஆலோசகராகப் பிரித்தானிய வெர்ஜின் தீவுகளுக்கு அனுப்பியது. அறுபதை எட்டும் வயதில் கரீபியக் கடலுக்குப் போய் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு, 1980களில் திரும்பியவர் கொழும்பில் தங்கவில்லை. அலுவிகாரையில் தந்தையின் நிலத்துக்கே வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் கட்டி வளர்த்த மரபுரிமை நிலையத்தைப் பார்த்தவர்கள் அதைத் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். ஆட்கள் நிறைந்த ஒரு பெரிய வீடு மாதிரி இருக்கும். கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் தையலும். ஆண்களுக்குப் பித்தளை வார்ப்பும் மரவேலையும். ஒருவர் எறிந்தது இன்னொருவருக்கு மூலப்பொருள்: வெட்டுத்துண்டு துணி திரைச்சீலையின் ஒட்டுவேலையாகும், மரச்சீவல் அடுப்புக்குப் போகும். இந்தச் சிக்கனம் எந்த முகாமைத்துவப் பாடத்திலிருந்தும் வந்ததல்ல. நல்ல சமையலறைகளில் பாட்டிமார் நடத்துவது. பெண்கள் நடந்துவரும் தூரத்தில் வேலை, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம், கையில் சொந்தக் காசு. பெரிய நிறுவனங்கள் இன்றும் தடுமாறும் ஏற்பாடு இது.

பிறகு சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. 'அலுவிகாரை கிச்சன்ஸ்' என்ற பெயரில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்குச் சோறும் கறியும். மாத்தளையில் சமையல் செய்கிறவருக்கு இயற்கை கொடுத்த சலுகை அதிகம். மிளகும் ஏலமும் சாதிக்காயும் கராம்பும் கறுவாவும் வாசற்படி தாண்டினால் கிடைக்கும். வீதியோரத்து வாசனைத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகள் படம் எடுப்பதெல்லாம் அந்த ஊரார் அம்மியில் அரைப்பது. மேசையில் கறிச்சட்டிகள் வரிசை பிடித்து நிற்கும், எண்ணிப் பார்க்கத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டுக் கோப்பையை எடுப்பார் என்று போய் வந்தவர்கள் சொல்வதுண்டு. ஒரு வீட்டம்மா விருந்தாளிக்குப் பத்துக் கறி வைத்தால் உபசரிப்பு. அதையே விலை வைத்து, கிராமத்துப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து நடத்தினால் தொழில். இந்தக் கோட்டை ஈனா எவ்விதக் கூச்சமும் இல்லாமல் தாண்டினார்.

இவ்வளவும் சொல்லும்போது மறுபக்கத்தை மறைக்க முடியாது. நிலம் இருந்தது, பெயர் இருந்தது, நாட்டின் முதல்தரக் கட்டடக்கலைஞர் நண்பராக இருந்தார். இதே மாத்தளை மாவட்டத்துத் தோட்ட லயங்களில் இதே வயது அம்மாமார் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. பழைய சேலையில் தொட்டில் கட்டவும், பழந்துணியில் ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கவும், ஒற்றை அறையை மண்ணும் சாணமும் மெழுகிக் கோலமிட்டு வீடாக்கவும் அவர்களுக்கும் தெரியும். விடிவதற்கு முன் ரொட்டி தட்டி வைத்து, பெரட்டுக்கு ஓடி, பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மறுபடி அடுப்பு மூட்டியவர்கள். தோட்டங்களில் ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் பெண்ணுக்குக் கிடைத்தது 1984இல்தான். ஈனாவின் திறமையை வியக்கும் அதே கண்ணால் அவர்களையும் பார்த்தால், குறைந்தது திறமையல்ல, இடம் என்பது விளங்கும். முப்பது பேர்ச் என்ன, அவர்களுக்கு ஏழு பேர்ச் காணிக்கே இன்னும் போராட்டம்.

2015 ஒக்டோபர் 29இல், 93 வயது முடிந்து சில நாட்களில் ஈனா காலமானார்.

அல்பிரட் பிளேஸ் வீடு அதற்கு முன்பே கைமாறிவிட்டது. சூழ ஒரு மருத்துவமனை வளர்ந்து காணியை நெருக்கியது. 2009இல் அமிலா டி மெல் என்ற கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் வீட்டைக் கழற்றினார்கள். கல்லுக்குக் கல், தூணுக்குத் தூண் இலக்கமிட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் லுணுகங்கா தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி அடுக்கினார்கள். வேலை முடியப் பல வருஷம் பிடித்தது. இப்போது அங்கே போய்ப் பார்க்கலாம், காசு கொடுத்துத் தங்கவும் செய்யலாம். முற்றத்து ஆட்டுக்கல்லும் கூடவே போயிருக்கிறது.

துணிக்கு அந்த வசதி இல்லை. சாயம் வெளுக்கும், ஈரம் குடிக்கும். பெந்தோட்டை ஹோட்டலின் பழைய பத்திக் கூரை தாக்குப்பிடிக்கவில்லை. அண்மையில் அந்தக் கட்டடத்தைக் கட்டடக்கலைஞர் சன்ன தஸ்வத்த பழைய வடிவுக்கு மீட்டெடுத்தபோது கூரையையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. கல்லாக இருந்தால் இலக்கமிட்டு அடுக்கலாம். பத்திக்கை அப்படிச் செய்ய முடியாது. மெழுகு எந்தச் சூட்டில், எந்த நிறம் எதற்குப் பின் என்று தெரிந்த கைகள் வேண்டும். அலுவிகாரை நிலையத்தில் வளர்ந்த கைப்பழக்கம் இல்லாவிட்டால் பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பெருமூச்சுதான் விட்டிருக்க முடியும்.

லக்கி சேனநாயக்கவும் தம்புள்ளைக்கு அருகே தியபுபுலவில் குளமும் காடுமாக வாழ்ந்து 2021இல் மறைந்தார். அதே மாத்தளை மாவட்டம். கண்டலம ஹோட்டலின் படிக்கட்டுக்கு மேலே சிறகு விரித்து நிற்கும் அவருடைய ஆந்தைக்கு அவர் பெயரைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. பாவாவைப் பற்றியும் லக்கியைப் பற்றியும் தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. அலுவிகாரையில் மெழுகுச்சட்டியின் முன்னால் முப்பது, நாற்பது வருஷம் உட்கார்ந்த பெண்களைப் பற்றி அப்படி ஒன்று இல்லை. அவர்களில் பலர் இன்றைக்கு அம்மம்மாக்கள். பேரப் பிள்ளைகளில் ஒருவராவது பல்கலைக்கழகத்தில் இருக்கக்கூடும். மாத்தளையிலிருந்து ஒரு மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அலுவிகாரைக்குப் போய், அவர்களின் பெயர்களையும் அவர்கள் மெழுகு கலந்த விகிதங்களையும் பதிந்துவந்தால், அடுத்த ஆண்டு இதே மேடையில் பேசவேண்டியவர் அவர். இயலுமானால் வடக்கு மாத்தளைத் தோட்டங்களுக்கும் ஒரு நடை போய், ஒட்டுப்போர்வை தைத்த அம்மாமாரையும் பேச வைக்கட்டும்.